அடிபிடியாத கலம்

(பேகம்பேட்டில் நடைபெற்ற நமது சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் கம்பனைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறோம்; சிலம்பைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறோம். மெட்ரிகுலேஷனோடு ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு, புகைவண்டி அலுவலகத்தில் பேரேடு புரட்டிக் கொண்டிருக்கும் எழுத்தராகிய நாம் அத்தகைய பொருள்களைத் தொடுவது முறையன்று. ஆதலின், செயலாளர் அவர்கள் "குடும்பங்களுக்குப் பயன்படுமாறு ஏதேனும் பேசுக" என்று பணித்தபோது, பாத்திரத்தின் அடியைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டோம். முன்வரிசையில் சிலர் நகைப்பது தெரிகிறது. நகைக்கட்டும். அடிபிடித்த பாத்திரத்தை இரவு பத்து மணிக்குத் தேய்த்த கைகள் எவையோ, அவை இவ்வவையில் நகைக்கவில்லை என்பதையும் காண்கிறோம்.

நமது காலனியில் இன்று கணவனும் மனைவியும் இருவருமே வேலைக்குச் செல்லும் இல்லங்கள் பல. காலை வண்டிக்கு ஒருவர், மாலை வண்டிக்கு ஒருவர் என்று வீடு மாறி மாறிப் பூட்டப்படுகிறது. இந்நிலையில் ஸ்லோ குக்கர் என்னும் மின்கருவி ஒன்று நம் அடுக்களைகளில் மெல்ல நுழைந்திருக்கிறது. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கொணர்ந்தது சில வீடுகளில். கடையில் வாங்கியது சில வீடுகளில். காலையில் பருப்பும் காயும் நீரும் இட்டுச் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனால், மாலையில் சூடாகக் கிடைக்கும் என்பது அதன் வாக்குறுதி. வாக்குறுதியைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. ஆனால் மூடியைத் திறந்தால் உணவின் மேல்விளிம்பு படிந்த இடத்தில் கருவளையம் ஒன்றும், அடியில் பருப்பின் களிம்பு ஒன்றும் இறுகிக் கிடக்கும். குழாயில் நீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஊரில், சமைத்த சாம்பாரைவிடக் கழுவும் நீர் மிகுதியாகச் செலவாகிறது. இதற்கு என் செய்வது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அக்கருவியின் வரலாற்றைச் சிறிது சொல்வோம். அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து இர்விங் நாக்ஸன் என்பார் 1936-இல் இதற்கு உரிமம் வேண்டி விண்ணப்பித்து 1940-இல் பெற்றார். யூதர்கள் ஓய்வுநாளில் தீ மூட்டுவதில்லை. ஆகவே முந்திய நாள் மாலையே பயறும் இறைச்சியும் கிழங்கும் இட்ட பானையை ரொட்டிக்காரர் அடுப்பின் எஞ்சிய கனலில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்து உண்பது பழைய வழக்கம். அவ்வழக்கத்தை முன்னோர் சொல்லக் கேட்டவர் நாக்ஸன். அந்தக் கனலைத்தான் அவர் மின்கம்பிச் சுருளாக்கிப் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டினார். பின்னர் 1970-இல் வேறொரு நிறுவனம் அதை வாங்கி, 1971-இல் கிராக் பாட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. தொடக்கத்தில் உள்ளிருக்கும் பீங்கான் பாத்திரத்தைத் தனியே கழற்ற இயலாது. மின்கம்பியோடு கூடிய கருவியை நீரில் அமிழ்த்தவும் இயலாது. 1974-இல்தான் கழற்றத்தக்க பாத்திரம் வந்தது. தேய்ப்பவர் துன்பம் செய்பவர்க்கு எட்ட இவ்வளவு காலம் ஆயிற்று.

இனி, பண்டம் ஏன் அடிபிடிக்கிறது? நீர் உள்ள மட்டும் பாத்திரத்தின் உள்ளே வெப்பம் நீரின் கொதிநிலையைத் தாண்டுவதில்லை. கடல்மட்டத்தில் அது 100 டிகிரி. சுமார் 540 மீட்டர் உயரத்தில் அமைந்த நமது ஐதராபாத்தில் ஏறத்தாழ 98 டிகிரி. சென்னையிலிருந்து வரும் அத்தைமார்கள் "இந்த ஊர்த் துவரம்பருப்புக்கு என்ன கேடு, வேக மாட்டேன் என்கிறது" என்று பருப்பின்மேல் பழி சொல்வதில் இந்த இரண்டு டிகிரிக்கும் சிறிது பங்கு உண்டு. எந்த இடத்தில் மாவும் பருப்பும் பாலும் கீழே படிந்து, நீர் அவ்விடத்தை விட்டு நீங்கிவிடுகிறதோ, அவ்விடத்தில் வெப்பத்துக்குக் கடிவாளம் இல்லை. அது நூறைத் தாண்டி ஓடுகிறது. பண்டம் முதலில் சிவக்கிறது, பிறகு கருகுகிறது. ஸ்லோ குக்கரில் கம்பிச்சுருள் பெரும்பாலும் பக்கச் சுவரைச் சுற்றியே இருப்பதால், உணவின் மேற்பரப்பு சுவரைத் தொடும் இடத்தில் நீர் வற்றிக் கருவளையம் விழுகிறது. ஆகவே அடிபிடியாமைக்கு ஒரே வழி, கலத்துக்கும் பண்டத்துக்கும் இடையே ஏதேனும் ஒன்றை நிறுத்துவது. எதை நிறுத்துவது என்பதில்தான் அறிவு வேண்டும். ஏனெனில் எட்டு மணி நேரம் உணவோடு ஒட்டிக் கிடப்பது எதுவோ, அதுவும் உணவில் ஒரு பங்கே.

நம் முன்னோர் நிறுத்திய முதற்பொருள் நீர். 1910-இல் வங்கத்து இந்துமாதவ் மல்லிக் என்னும் மருத்துவர் இக்மிக் குக்கர் என்பதை அமைத்தார். அடுக்குச் சம்புடங்களைப் பெரியதோர் உருளைக்குள் இறக்கி, சுற்றிலும் நீர் விட்டு, அடியில் கரிக்கனலை வைப்பது அது. பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைப்பதைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதென்பர். நம் பக்கத்து இல்லங்களில் ருக்மணி குக்கர் என்ற பெயரில் அதே வகையான பித்தளைக் கருவி இருந்ததைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். கரியை மூட்டிவிட்டு வெளியே போய் வந்தால் சோறும் பருப்பும் காயும் வெந்திருக்கும்; கரி தீர்ந்தால் கனல் தானே அவியும்; பண்டத்தைத் தீ நேரே தொடாதாகையால் அடிபிடித்தல் என்பதே இல்லை. பால் காய்ச்சும் இரட்டைச் சுவர்ப் பாத்திரம் ஒன்று சீழ்க்கை அடித்துக்கொண்டு பல வீடுகளில் இருந்ததன்றோ? அதுவும் இதே தத்துவம். மின்சாரம் வந்ததும் இவற்றைப் பரணில் ஏற்றிவிட்டு, அவற்றினும் குறைந்த அறிவுள்ள கருவியை வாங்கினோம் என்று சொன்னால் கடைக்காரர்கள் வருந்துவார்கள்; உண்மை அதுதான்.

இரண்டாவது பொருள் வெள்ளீயம். பித்தளை, செப்புக் கலங்களில் புளி சேர்ந்தால் களிம்பு ஊறும், உணவு நஞ்சாகும். அதனால் உட்புறம் ஈயம் பூசினர். இவ்வூரில் இதைக் கலாய் என்பர். தெருவோரத்தில் குழி பறித்துத் துருத்தியால் கரியை ஊதி, கலத்தைச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவுவார் ஈயம் பூசுபவர். வெண்புகை எழும். அது கலத்தின் மேலிருக்கும் அழுக்குப் படலத்தை நீக்கும். ஈயக்கோலை ஓர் இழுப்பு இழுத்துப் பஞ்சால் வளைத்துத் துடைத்தால், கருத்த கலம் கண்ணெதிரே வெள்ளியாகும். சிறுவர்களாய் இருந்தபோது இதைக் காணப் பள்ளிக்கூட மணியையும் மறந்து நின்றோர் இவ்வவையில் பலர் இருப்பர்.

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். அவ்வாறாயின் அடுப்பில் எவ்வாறு நிற்கிறது? உள்ளே நீர் உள்ளவரை நிற்கிறது, அவ்வளவுதான். ஈயச்சொம்பில் ரசம் வைப்போர், புளிநீரை விட்ட பிறகே சொம்பை அடுப்பில் ஏற்றுவது இக்காரணம் பற்றியே. புகைவண்டித் துறையினர்க்கு இது புதிதன்று. நீராவி எஞ்சின் காலத்தில் தீப்பெட்டியின் கூரையில் ஈயம் வார்த்த திருகாணி ஒன்று பொருத்தியிருப்பர். கொதிகலத்தில் நீர் தக்க அளவு இருக்கும்வரை அது உருகாது. நீர் குறைந்து கூரை வெளிப்பட்டால் ஈயம் உருகி ஓடும். நீராவி சீறித் தீயின்மேல் பாய்ந்து டிரைவருக்கு எச்சரிக்கை தரும். எஞ்சினைக் காத்ததும் ரசத்தைக் காப்பதும் ஒரே விதி.

இவ்விடத்தில் தாய்மார்கள் சற்றே செவிசாய்க்க வேண்டும். தமிழில் வெள்ளீயம், காரீயம் இரண்டையும் வாய்ப்பேச்சில் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். இவ்விரண்டும் வேறு. காரீயம் உடலில் சேர்ந்தால், சிறப்பாகச் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சேர்ந்தது எளிதில் நீங்குவதும் இல்லை. வெள்ளீயம் விலை மிகுந்தது, காரீயம் மலிவானது. இரண்டையும் தக்க அளவில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகுமாதலால் பூசுவதும் எளிது. ஆசைக்கு இவ்வளவு வழி இருக்கும்போது, மலிவாகப் பூசித் தருகிறோம் என்பாரிடம் இரண்டு கேள்வி கேட்பதில் தவறில்லை. தூய வெள்ளீயக் கோலை வளைத்தால் கிறீச்சென்று ஒலி எழும். காரீயம் கலந்தால் அவ்வொலி மங்கும். காரீயம் மிகுந்த துண்டைத் தாளில் இழுத்தால் பென்சில்போல் கருங்கோடு விழும். ஆயினும் இவை கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் குறிப்புகளே. சிறிதளவு கலப்பை இவை காட்டிக்கொடா. நம்பத்தக்கவர் கிடைக்காவிடில் எவர்சில்வர் பாத்திரத்தோடு நின்றுகொள்வதே குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நன்று.

மூன்றாவது மண். இது கலத்தின் வெளிப்புறப் பூச்சு. விறகடுப்பில் ஏற்றுமுன் பாத்திரத்தின் புறத்தே களிமண்ணையோ சாம்பற் குழம்பையோ பூசுவார்கள். கரி மண்ணில் படியும். இறக்கியபின் மண்ணோடு கரியும் கழன்று போகும். தீயும் ஓரிடத்தில் கொத்தாமல் பரந்து ஏறும். கேஸ் அடுப்பு வந்தபின் இதற்கு வேலை குறைந்துவிட்டது; மேலும் சொல்ல வேண்டியதில்லை.

இந்நகரத்தில் வாழ்ந்துகொண்டு ஹலீமைச் சொல்லாமல் விடலாகாது. புலால் உண்ணாதார் பொறுத்தருள்க. ரமலான் மாதத்தில் செங்கல்லும் மண்ணும் கொண்டு பட்டி என்னும் அடுப்பைக் கட்டி, அதனுள் பெருங்கலத்தைப் பதித்து, கோதுமையும் இறைச்சியும் பருப்பும் நெய்யும் இட்டு, விறகின் சிறுதீயில் 12 மணி நேரம் வரை சமைக்கிறார்கள். 2010-இல் ஐதராபாத் ஹலீமுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. இறைச்சி உணவு ஒன்று இந்நாட்டில் அக்குறியீடு பெற்றது அதுவே முதன்முறை. கோதுமையைப்போல் அடிபிடிக்கும் பண்டம் வேறில்லை. அவ்வளவு பெரிய கலத்தில், அவ்வளவு நேரம், அது ஏன் அடிபிடிக்கவில்லை? அங்கே இலையுமில்லை, உறையுமில்லை. இருவர் எதிரெதிர் நின்று நீண்ட மரத்தடியால் இடித்தும் கிண்டியும் வருகிறார்கள். மனிதரின் தோள்வலியே அங்குப் பூச்சு. தட்டில் வாங்கி உண்பவர் இதையும் சற்று எண்ணலாம்.

காலையில் பூட்டிவிட்டுப் போகும் வீட்டில் கிண்டுவதற்கு யார் இருக்கிறார்? ஆகவே நமக்கு ஏற்றது நான்காவது பொருள். அது வாழையிலை. பானைக்குள் வைக்கோல் பரப்பிக் கொழுக்கட்டை அவித்தவர்களுக்கும், கார்த்திகையில் பனையோலைக்குள் மாவை வைத்து வேகவைத்தவர்களுக்கும் இலையின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கடல் கடந்த மெக்சிகோ நாட்டினரும் வாழையிலையில் பொதிந்து இறைச்சியை மெல்லக் கனலில் வேகவிடுகிறார்கள். சீனர் மண்சட்டியின் அடியில் மூங்கில் தட்டியை இட்டு, இறைச்சி ஒட்டாமல் காக்கிறார்கள்.

செயல்முறை இதுதான். செகந்தராபாத் மோண்டா மார்க்கெட்டிலோ அண்டை வீட்டுத் தோட்டத்திலோ கிடைக்கும் இலையின் நடுநரம்பைச் சீவி எறிந்துவிட வேண்டும். அது விறைத்து நின்று இலையைக் கிழிக்கும். இலையைத் தணலின்மேல் ஒருமுறை காட்டி வாட்டினால் துணிபோல் துவளும். இரண்டு துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பீங்கான் கலத்துள் படியவைத்து, உண்ணும் முகம் மேலே இருக்குமாறு, உணவின் மட்டத்துக்கு மேல் இரண்டு விரற்கடை எழும்ப விடுக. மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மூடி படியாது, ஆவி ஓடிவிடும், ஆவி ஓடினால் அடிபிடிக்கும். பொங்கல், கூட்டு, கடைந்த கீரை, கெட்டிப் பருப்பு இவற்றுக்கு இம்முறை மிக நன்று. நீர்த்த சாம்பாருக்கு இலை வேண்டியதே இல்லை. குழம்பு இலையின் கீழும் புகுமே என்று அஞ்ச வேண்டாம். புகுவது நீர், அது நமக்குத் துணைதான். களியாகிய பருப்பு இலையின்மேல் தங்கிவிடும்.

பாற்பாயசத்துக்கு இலை ஆகாது. நெடுநேரம் கிடந்தால் பாலில் நிறமும் நெடியும் ஏறும். அதற்கு நாம் நமது இல்லத்தில் செய்வது இக்மிக் முறையே. சிறிய எவர்சில்வர் பாத்திரத்தில் பாலையும் அரிசியையும் இட்டு மூடி, ஸ்லோ குக்கருக்குள் ஒரு வளையத்தின்மேல் நிறுத்தி, சுற்றிலும் வெந்நீர் விட்டுவிட வேண்டும். நேரம் கூடும், பால் கருகாது, பீங்கான் கலத்தில் தேய்ப்பதற்கும் ஒன்றும் இராது. எந்தப் பண்டமாயினும் கலம் பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேற்படாமலும் நிறைந்திருக்க வேண்டும். அரைப்படி கலத்தில் ஆழாக்குப் பருப்பை இட்டுவிட்டுக் கருவியைக் குறை சொல்லுவோர் உளர்.

கடைகளில் நைலான் உறை என்று ஒன்று கிடைக்கிறது. ஸ்லோ குக்கரின் வெப்பத்தைத் தாங்குமாறு செய்தது. உள்ளே விரித்துச் சமைத்து, முடிந்ததும் சுருட்டி எறிவது. கழுவும் வேலை அறவே இல்லை என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் நாளொன்றுக்கு ஓர் உறை எனின் ஆண்டுக்கு 365 உறைகள் குப்பைக்குப் போகும். இலையோ எருவாகும், மாடு கண்டால் அதுவும் மிஞ்சாது. அவசரத்துக்கு உறையை இடுவோர், வெப்பம் தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டதை மட்டுமே இடுக. காய்கறி வாங்கிவந்த பையை இடுவது தற்கொலைக்கு ஒப்பு. சிலர் அலுமினியத் தகட்டைச் சுவரோரம் மடித்து வைக்கிறார்கள். பக்கச் சூட்டைத் தணிக்க அது உதவுவதுதான். ஆயினும் புளியும் தக்காளியும் அலுமினியத்தை அரித்து உணவில் சேர்க்கும். நம் சமையலில் புளியில்லாத நாள் ஏது?

ஈரானியர் தேநீரைப் பருகிப் பழகிய ஊர் நமது ஊர். அவ்வீரானியர் நாட்டில் சோற்றுப் பானையின் அடியில் எண்ணெய் விட்டு, ரொட்டியையோ உருளைக்கிழங்கு வில்லைகளையோ பரப்பி, அதன்மேல் அரிசியை இட்டுப் புழுக்குகிறார்கள். சோறு கருகாது, அடியிற்கிடந்தது பொன்னிறமாக முறுகும். அதற்குத் தாதீக் என்று பெயர். விருந்தினர்க்கு அதையே முதலில் படைக்கிறார்கள். நமது வீடுகளில் அடிக்காந்தலைச் சுரண்டித் தின்னப் பிள்ளைகள் போட்டியிடுவதில்லையா? காந்தல் வேறு, கரி வேறு; முன்னதைச் சுவைத்தவர் பின்னதற்கும் அதே பெயரைச் சொல்லிச் சமாளிக்கலாகாது.

ஒன்று சொல்ல வேண்டும். இது அடிபிடித்தலைப் பற்றியதன்று, ஆயினும் இக்கருவியைப் பற்றியது. ராஜ்மா என்னும் சிவப்புக் காராமணி போன்ற பெரும்பயற்றை நேரே ஸ்லோ குக்கரில் இடவே கூடாது. அதில் இயல்பாகவே ஒரு நச்சுப்பொருள் உண்டு. மென்சூட்டில் அது அழிவதில்லை. இரவு முழுதும் ஊறவைத்து, நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அடுப்பின்மேல் அரைமணி நேரம் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகே இதில் இடலாம். வடநாட்டு அண்டைவீட்டாரிடம் கற்றுக்கொண்டு நம் பிள்ளைகள் இதை விரும்பி உண்பதால் சொல்லி வைத்தோம்.

இனிக் கழுவும் முறை. உணவை எடுத்தவுடன் இலையின் நான்கு மூலைகளையும் கூட்டித் தூக்கினால் ஒட்டியது அனைத்தும் அதனோடு வந்துவிடும். சூடான பீங்கானில் குளிர்நீரை ஊற்றினால் விரிசல் விடும், ஆறவிடுக. கருவளையம் விழும் இடத்தில் சமைக்குமுன்னரே நல்லெண்ணெயைத் துணியால் ஓர் இழுப்பு இழுத்திருந்தால் அது இறுகாது. அதையும் மீறி ஒட்டியிருந்தால் வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, இரவெல்லாம் வைத்துவிட்டு, காலையில் மரக்கரண்டியால் தள்ளினால் போதும். இரும்பு நாரை அதன்மேல் தொடவிடலாகாது. நமது இல்லத்தில் இக்கருவி வந்த நாள் முதல், எவர் காலையில் சுவிட்சைத் தட்டினாரோ அவரே இரவில் கலத்தைக் கழுவுவது என்று ஏற்பாடு. இரவுப் பணிக்குச் செல்லும் நாட்களில் நாம் மாலையிலேயே சுவிட்சைத் தட்டிவிட்டு, மறுநாட் காலை வந்து கழுவுகிறோம். வாழையிலை வாங்கிவரும் பொறுப்பு இப்போது நமக்கே வந்திருக்கிறது; மோண்டா மார்க்கெட்டில் எவரிடம் அகன்ற இலை கிடைக்கும் என்று கேட்போர்க்கு, விழா முடிந்தபின் வாயிலில் சொல்லக் காத்திருக்கிறோம்.